ஐந்து வைத்தியச்சிகள்

2008-ஆம் வருட மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாள்வீரன் ஆறு வாரம் குற்றுயிராகக் கிடந்தான். அவனை எப்படிக் காப்பாற்றுவது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். காப்பாற்ற வேண்டியவள் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ மட்டும் கேட்டார்கள்.

பதறவேண்டாம், அவன் தாளில் இருந்த வாள்வீரன். நாங்கள் ஆடியது ஒரு கதை ஆட்டம். ராமநாதபுரத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் அதை ஆடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். எதிரே குகை இருக்கிறது, உள்ளே போகிறாயா என்று அவர் கேட்பார். போகிறேன் என்றால் உள்ளே கட்டாயம் ஒரு பூதம் இருக்கும். நீ வெட்டினாயா, உன்னை வெட்டியதா என்பதை எண் சொல்லும். வெளிநாட்டில் அதற்கென்றே பல முகம் வைத்த பகடைகள் உண்டாம். எங்களிடம் இருந்தவை ராமேசுவரத்தில் வாங்கிய இருபது சோழிகள். ஒன்று முதல் இருபது வரை அவற்றில் நகப்பூச்சால் எண் எழுதி, தகர டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுப்போம். எண் எழுதியது நான்தான். நாலாம் வகுப்பு டீச்சர் என்பதால் எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் வந்து விழும்.

கதை நடத்தியவர் என் வீட்டுக்காரர். பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர். மதுரையில் படித்த காலத்தில் விடுதியில் யாரோ வைத்திருந்த ஆங்கில விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, நூல் கட்டி வைத்திருந்தார். நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் பத்திரமாக இருந்த ஒரே பொருள் அந்தக் கட்டுதான். வாள்வீரனாக ஆடியவர் அக்காள்மடத்துக்காரர். கடல் தொழில் செய்யும் குடும்பம், இவர் மட்டும் பாம்பனில் விசைப்படகு எஞ்சின்களுக்கு மெக்கானிக். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து, பாலம் தாண்டி வந்துவிடுவார். மூன்றாவது ஆள் மந்திரவாதி. அவர் கீழக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பைக்கில் வந்து இறங்கும்போதே பேசிக்கொண்டுதான் இறங்குவார்.

கல்யாணமான புதிதில் ஆட்டத்துக்கு இன்னொரு ஆள் குறைந்தது. "சும்மாதான இருக்க, நீயும் வந்து உக்காரு" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். அப்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் என்ன பாத்திரம் என்று கேட்டேன். எதிலுமே ஒத்துப்போகாத மூவரும் அன்றைக்கு ஒரே குரலில் வைத்தியச்சி என்றார்கள்.

வைத்தியச்சியின் வேலை எளிது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. வாள்வீரனுக்கு அறுபது, எனக்கு நாற்பது. அடிபட்டவரைத் தொட்டு நான் மந்திரம் சொன்னால் அவருக்குப் புள்ளி கூடும். எத்தனை கூடுகிறதோ அத்தனை எனக்குக் குறையும். பூச்சியத்துக்கு வந்துவிட்டால் நான் செத்தேன். அவர்களுக்குக் குறைந்தால் கொடுக்க நான் இருந்தேன். எனக்குக் குறைந்தால் கொடுக்க ஒருவரும் இல்லை. இது கொஞ்சம் அநியாயமாக இல்லையா என்று முதல் வருடமே கேட்டேன். வீட்டுக்காரர் கட்டை விரித்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிகளைக் காட்டினார். அப்படித்தான் எழுதியிருந்தது. அதற்கு அடுத்து நாற்பத்தாறுதான் இருந்தது, அதில் விஷக்கடி பற்றி வேறு விஷயம் ஆரம்பித்தது. நடுவில் படம் ஏதாவது இருந்திருக்கும், ஜெராக்ஸ் கடைக்காரன் விட்டிருப்பான் என்றார். நானும் படம்தான் என்று நம்பினேன்.

அந்தப் படத்தை நம்பிப் பன்னிரண்டு வருடத்தில் ஐந்து வைத்தியச்சிகளைக் கொடுத்தேன். யாரும் வெட்டுப்பட்டுச் சாகவில்லை. எல்லாருமே தேய்ந்து செத்தவர்கள். இங்கே நான்கு, அங்கே ஏழு என்று கொடுத்துக் கொடுத்து, கடைசியில் யாருக்கோ ஒரு சின்னக் காயத்துக்கு மூன்று புள்ளி கொடுத்து விழுந்துவிடுவார்கள். ஒருத்தி செத்ததும் வீட்டுக்காரர் புதுத் தாளை நீட்டுவார். நான் அதில் நாற்பது என்று எழுதுவேன். ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருக்கும்.

அந்த ஐந்து பேருக்காகவும் வருத்தப்பட்டவர் மெக்கானிக் ஒருவர்தான். கல்லறைத் திருநாளன்று அக்காள்மடத்தில் தன் அய்யாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறபோது, பக்கத்து மண்ணில் வைத்தியச்சிகளுக்கும் ஆளுக்கொன்று ஏற்றிவிடுவார். "யாருக்குன்னு கேட்டா தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கிருவேன் மதினி" என்பார். விளையாட்டாகத்தான் தொடங்கியிருப்பார். ஆனால் ஒரு வருடம்கூட விட்டதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அவர் டீயில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போடுவேன்.

2008-இல் ஆடிக்கொண்டிருந்தவள் ஆறாவது வைத்தியச்சி. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு என் மாமியார் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் போய், உள்ளறைக் கட்டிலோடு ஆகிவிட்டிருந்தார். வாய் மட்டும் பழையபடியே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குப் பக்கத்துவீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான். ராத்திரி இரண்டு முறை அலாரம். வீட்டுக்காரர் அலாரத்துக்கு அசையமாட்டார், நல்ல தூக்கக்காரர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை இது. வைத்தியச்சி ஆனது போலத்தான் இதுவும் ஆனது. மூன்று வருடமாக நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியதில்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஆறேழு நாற்பத்திரண்டுக்கு மேல் என்ன என்று எனக்கே நின்றுவிடும். பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு மத்தியானம், கடலுக்கடியில் போன ஒரு கோட்டையைத் தேடிப் போன இடத்தில், வாள்வீரன் பூதத்திடம் அடிபட்டு விழுந்தான். அவன் எழுந்து நிற்கப் பத்துப் புள்ளி வேண்டும். ஆறாவது வைத்தியச்சியிடம் மிச்சம் இருந்தது சரியாகப் பத்து. கொடுத்தால் அவன் பிழைப்பான், அவள் சாவாள். கொடுக்காவிட்டால் அவன் சாவான்.

நான் வழக்கம்போலக் கையை நீட்டப் போனேன். கீழக்கரைக்காரர் தடுத்தார்.

"அக்கா, பொறுங்க பொறுங்க. இந்த ஆட்டத்துக்குப் புது எடிஷன் வந்துருச்சு. நெட்ல பாத்தேன். அதுல வைத்தியரே தேவையில்ல. அடிபட்டவன் கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்குனா அவன் புள்ளி அவனுக்கே கூடிரும். இப்பவே புதுசுக்கு மாறிக்கிட்டா ரெண்டு பேரும் பொழச்சிருவாக."

வீட்டுக்காரர் சோழி டப்பாவை மூடினார். ஆட்டம் அந்த இடத்தில் நின்றது, பேச்சு தொடங்கியது.

அடுத்த ஞாயிறு கீழக்கரைக்காரர் புதுப் பதிப்பை அச்செடுத்துக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், போட்டபடியே திட்டினார். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே அளவு பலமாம், மந்திரவாதி மந்திரம் தீராமல் சொல்லிக்கொண்டே இருக்கலாமாம், கட்டம் போட்ட அட்டை இல்லாமல் ஆடவே முடியாதாம். "இது கம்ப்யூட்டர்ல சுடுற கேம்டா மாப்ள. கதை எங்க இருக்கு இதுல?" என்றார். கீழக்கரைக்காரர் விடவில்லை. "ஒம்ம பழைய எடிஷன்ல என் மந்திரவாதி ஒரு நாளைக்கு ரெண்டு மந்திரம் சொல்லிட்டு மிச்ச நேரம் வாயப் பாத்துக்கிட்டு நிக்கான். அது மட்டும் கதையா?" என்றார். மெக்கானிக் இரண்டு பக்கமும் தலையாட்டினார். பழைய எஞ்சின்தான் நம்பகமானது, ஆனால் பார்ட்ஸ் கிடைக்காது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். விழுந்து கிடப்பது அவருடைய ஆள் என்பதால் அவருக்கு வாய் எழவில்லை. கடைசியாக மட்டும், "எனக்காக இன்னொருத்தி சாக வேணாம்பா" என்றார்.

மூன்றாவது ஞாயிறு நானே வாயைத் திறந்தேன். கேட்காமலே சொன்னேன். "எனக்குப் புதுசே நல்லாருக்கும்னு தோணுது" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. யாரையும் தொடாமல், யாரும் என்னைப் பார்த்துக் கையை நீட்டாமல், குகையின் ஒரு மூலையில் நான் பாட்டுக்கு நிற்கலாம். பூதம்கூட வரட்டும், பரவாயில்லை.

வீட்டுக்காரர் சிரித்தார். "ஒனக்கு என்ன தெரியும்? வைத்தியச்சி தன் உசுரக் குடுத்து அடுத்தவன எழுப்புறா. அதுதான இந்த ஆட்டத்தோட அழகே. அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

உள்ளறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். நான் எழுந்து போனேன். அழகு பற்றிய பேச்சு எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

நாலாவது ஞாயிறு இவர்கள் குரலை உயர்த்திப் பேசியதில் மாமியார் விழித்துக்கொண்டு மூவரையும் பேர் சொல்லி வைதார். கல்லறைத் திருநாள் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் ஐந்தாவது வாரம் மெக்கானிக் வரவில்லை. மற்ற இருவரும் திண்ணைச் சண்டைக்காரர்கள் போல ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் புரட்டிவிட்டுப் பிரிந்தார்கள். அப்போது கீழக்கரைக்காரர் ஒரு சவால் விட்டுப் போனார். பழைய பதிப்பின் முழுப் புத்தகத்தையும் தேடிப்பிடித்துக் கொண்டுவருவதாகவும், வரிக்கு வரி புதுசோடு ஒப்பிட்டுக் காட்டுவதாகவும் சொன்னார். வீட்டுக்காரர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சவாலுக்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லையே என்று எனக்கு அப்போதே லேசாகத் தோன்றியது. கொடியில் துணி கிடந்தது, மழை தூறியது, மறந்துவிட்டேன்.

ஆறாவது ஞாயிறு மூவரும் வந்தார்கள். மத்தியானம் மின்வெட்டு. வெளிச்சத்துக்காக வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "அஞ்சு மெழுகுவத்தி வச்சிட்டேன் மதினி. மழையில நாலு அணஞ்சிருச்சு, திரும்பப் போயிப் பொருத்துனேன்" என்று மெக்கானிக் சொன்னார். கீழக்கரைக்காரர் பையிலிருந்து தடியான ஸ்பைரல் புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்தார். பழைய பதிப்பு, ஒரு தாள் குறையாமல்.

"ஒம்ம வைத்தியச்சி விதியிலேருந்து ஆரம்பிப்போமா?" என்று புரட்டினார். நாற்பத்து மூன்றைப் படித்தார். தாளைத் திருப்பி நாற்பத்து நாலைப் படித்தார். பிறகு சத்தமே இல்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"என்னலே?" என்றார் மெக்கானிக்.

"படம் இல்ல இங்கன. விதிதான் இருக்கு. வைத்தியச்சி இழந்த புள்ளியெல்லாம்..." அவர் என்னைப் பார்த்தார். "ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சா மொத்தமும் திரும்பி வந்துரும்னு போட்டிருக்கு அக்கா. காலையில மறுபடி முழு நாப்பது."

மெக்கானிக் புத்தகத்தை வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. இருந்தாலும் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அந்த அஞ்சு பேரும் சும்மா செத்தாளுகளா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

எத்தனை குகை, எத்தனை காடு. ஒவ்வொரு நாள் முடிவிலும் கூடாரம் அடித்துப் படுத்திருக்கிறோம். அவர்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள். என் வைத்தியச்சிகளும் பக்கத்தில்தான் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அது தூக்கமாகவே கணக்கில் வரவில்லை.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் அவர் முகத்தைப் பார்த்தவள். ஆச்சரியப்பட்டால் அவருக்கு முதலில் வாய் திறக்கும். வாய் மூடியிருந்தது. டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எது?"

"இந்தத் தாளு."

மூடியை இறுக்கி மூடிவிட்டுச் சொன்னார். "மதுரைக்குப் போனப்ப அந்தப் பழைய சிநேகிதன் வீட்டுல புத்தகத்தப் பாத்தேன். ஒரு நாலஞ்சு வருஷம் இருக்கும். சொல்லணும்னுதான் நெனச்சேன். நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு... எதுக்குப் போட்டுக் கொழப்பணும்னு விட்டுட்டேன்."

கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. கோபத்துக்குக் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். எனக்கு வந்தது அலுப்பு. உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. நாலஞ்சு வருடம் என்றால் கடைசி இரண்டு பேரின் சாவு அவருக்குத் தெரிந்தே நடந்தது. இதைக் கணக்குப் போட எனக்கு வாய்ப்பாடு தேவைப்படவில்லை.

உள்ளறையிலிருந்து, "ஏத்தா... ஏ புள்ள" என்று குரல் வந்தது. மூன்று மணி. திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். கூடத்தில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பழக்கம்.

நான் எழுந்தேன். உள்ளறைக்குப் போகவில்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து அடுப்படிக்குப் பக்கத்து அறையில் விரித்தேன். பிறகு அந்த அறையின் நிலைப்படிக்கு வந்து சொன்னேன்.

"இப்ப ராத்திரி. வைத்தியச்சி தூங்கப் போறா. விதி அப்படித்தான இருக்கு?"

நான் போய்ப் படுத்தேன். மாமியார் இரண்டாவது முறை கூப்பிட்டார். எழுந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, பாயின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கூடத்தில் டப்பா கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரரின் காலடி உள்ளறைக்குப் போனது.

"என்னடா நீ வார? அவ எங்க?" என்று மாமியார் கேட்டார்.

"தூங்குறா."

"இந்நேரத்துலயா?"

கொஞ்ச நேரத்தில், "ஏலே, ஒரு நிமிஷம் இங்கன வாங்கடா" என்று அவர் நண்பர்களைக் கூப்பிட்டார். பெற்ற தாயை எங்கே பிடித்துத் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் அதே வீட்டில் இருந்தவர். பிறகு அந்த மூவரும் ஆறு வாரம் பதிப்பைப் பற்றிப் பேசிய அதே குரலில் வாதாட ஆரம்பித்தார்கள். தோளை முதலில் தூக்க வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, இடுப்பைப் பிடித்துத்தான் உருட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். "எஞ்சினத் தூக்குற மாதிரி தூக்காதீக, அம்மாவுக்கு வலிக்கும்" என்றார் கீழக்கரைக்காரர். "கைய எடுங்கடா எல்லாரும். போர்வையச் சேத்துப் பிடிங்க. அவ அப்பிடித்தான் செய்வா" என்றார் மாமியார்.

நான் எப்படிச் செய்வேன் என்பதை அந்த அம்மாள் இவ்வளவு சரியாகக் கவனித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஐந்தரை இருக்கும். மின்சாரம் வந்து விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் மூவரும் இருந்தார்கள். யாரோ டீ போட்டிருந்தார்கள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. இரண்டு புத்தகங்களும் மூடிக் கிடந்தன. என் வைத்தியச்சியின் தாள் பாயின் நடுவில் இருந்தது. பத்து என்பதை அடித்துவிட்டு வீட்டுக்காரர் தன் கையெழுத்தில் நாற்பது என்று எழுதியிருந்தார்.

"முழுசும் வந்துருச்சு. இனிமே இதான் விதி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்தேன். தோள் வலித்தது. மணிக்கட்டு வலித்தது. ராத்திரி இரண்டு அலாரம் பாக்கி இருந்தது. புத்தகத்தில் எழுதியவர்களுக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியுமோ, எனக்கு ஒரே மத்தியானத்தில் அத்தனையும் திரும்பிவிடவில்லை. பென்சிலை எடுத்தேன். நாற்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன்.

வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரி மேலிருந்த அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து, தன் தலைமாட்டு மேசையில் வைத்தார்.

வாள்வீரன் இன்னும் குகையில்தான் கிடந்தான். பதினொன்றில் பத்தைக் கொடுத்தால் எனக்கு ஒன்று மிஞ்சும், சாகமாட்டேன். கொடுக்கலாமா என்று மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார்.

"நான் கெடக்கேன் மதினி. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க இன்னும் நாலு நாளு தூங்கிட்டு வாங்க" என்றார்.